உவமையா, உறவா?

2001 நவம்பரில் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட பண்பாட்டுப் பன்மைப் பிரகடனம், பண்பாட்டுப் பன்மையின் தேவையை விளக்கப் பல்லுயிர்ப் பன்மையை உவமையாக எடுத்தாள்கிறது. அழகிய உவமைதான். ஆனால் 'தஷ்பீஹ்' எனப்படும் உவமையில் உவமேயமும் உவமானமும் தத்தம் இடத்திலேயே நிற்கும் என்பதை அரபி அணியிலக்கணம் பயின்றோர் அறிவர். 1988-இல் பிரேசிலின் பெலெம் நகரில் கூடிய இனஉயிரியல் மாநாட்டின் பிரகடனமோ உவமையோடு நிற்கவில்லை. இரண்டுக்குமிடையே பிரிக்கவியலாத உறவு உண்டென்றது. பின்வந்த பிரகடனம் முன்னதைவிட ஒரு படி பின்வாங்கியதாகவே நமக்குத் தோன்றுகிறது.

அல்குர்ஆனின் 'அர்ரூம்' அத்தியாயத்து 22-ஆம் வசனம் வானங்கள், பூமி ஆகியவற்றின் படைப்பையும் மாந்தரின் மொழி, நிற வேறுபாடுகளையும் ஒரே அத்தாட்சித் தொடரில் வைக்கிறது. அங்கே உவமை உருபு இல்லை. 'வாவ்' என்னும் இணைப்பு இடைச்சொல்லே உண்டு. இணைப்புச் சொல் காரண காரியத்தை நிறுவாது என்பது மெய்யே. ஆயினும் ஒன்றை விடுத்து மற்றொன்றைக் கற்க இடமில்லை. ஹஃப்ஸ் ஓதல் முறைப்படி, அவ்வசனம் அறிவுடையோரை நோக்கியே நிறைவுறுகிறது. அந்த அறிவுடையோர் யாவர்?

நம் பொத்தேரி அமைந்துள்ள செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இக்கேள்விக்கு ஒரு விடையுண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்கு வந்த தடையும் இருளர்களின் பிழைப்பை முடக்கின. தடை நியாயமானதே. தோல் வணிகத்துக்காகப் பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தவர்களில் இருளர்களும் இருந்தனர். ஆகவே, பழங்குடியினர் வாழுமிடத்தில் இயற்கை தானாகவே காக்கப்படும் என்னும் கற்பனைக்கு இங்கு இடமில்லை. அதே திறனைக் காப்புக்குத் திருப்பியது, 1978-இல் தொடங்கி மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்து, சில வாரங்கள் வைத்து நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகின்றனர். பாம்புக்கடிக்கான முறிமருந்து அந்நஞ்சிலிருந்தே உருவாகிறது. இச்சமூகத்தின் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் ஃபுளோரிடா சென்று அந்நிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்தனர்; 2023-இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர்.

உறவை வலியுறுத்தும் ஆய்வாளரிடமும் ஒரு குறையைச் சுட்டவேண்டும். பண்பாட்டுப் பன்மையை அவர்கள் பெரும்பாலும் மொழிகளின் எண்ணிக்கையால் அளக்கின்றனர். நீலகிரி இருளருக்குத் தனிமொழி உண்டு. நம் சமவெளி இருளரோ தமிழே பேசுகின்றனர். மொழிக் கணக்கில் அவர்கள் தனித்துத் தெரியமாட்டார்கள். ஆனால் மண்ணில் பதிந்த தடத்தைப் படிக்கும் அவர்களது கல்வி எந்த அகராதியிலும் இல்லை. ஏரியைப் பெயரிலேயே தாங்கிய பொத்தேரியில் அடுக்ககங்கள் பெருகுகின்றன. புதரும் வயலும் மனைகளாகும்போது பாம்பு இடமிழக்கிறது; அதைப் படித்தறியும் கண்ணும் பாடமிழக்கிறது.

எனவே இவ்வுறவின் உயிர்நாடி பிழைப்புரிமையே என்போம். ஸஹீஹுல் புகாரியில் பதிவான ஒரு செய்தி இதற்குச் சான்று. 'ஹிமா' எனப்படும் காக்கப்பட்ட மேய்ச்சல் நிலத்துக்குத் தம் ஊழியர் ஹுனையைப் பொறுப்பாளராக்கிய கலீஃபா உமர் (ரலி) அவர்கள், சிறு மந்தை உடையோரை உள்ளே விடுமாறும், செல்வர்களான இப்னு அவ்ஃப் (ரலி), இப்னு அஃப்பான் (ரலி) ஆகியோரின் கால்நடைகளைத் தவிர்க்குமாறும் பணித்தார்கள். செல்வரின் மந்தை அழிந்தாலும் அவர்களுக்குப் பேரீச்சந் தோட்டமும் விளைநிலமும் உண்டு. ஏழைக்கு அதுவன்றி வேறு போக்கில்லை என்பதே அவர்கள் கூறிய காரணம். வேலி யாருக்காகத் திறக்கும், யாருக்காக மூடும் என்பதை அறம் தீர்மானித்தது. இன்றைய காப்பகங்கள் பலவற்றில் சுற்றுலாப் பயணிக்கு வாயிலும் விறகு பொறுக்குபவளுக்கு வழக்கும் காத்திருக்கின்றன.

சுற்றுச்சூழல் பற்றி நம் இதழ்களில் வரும் கட்டுரைகள் வசனங்களைத் தொகுத்து, இஸ்லாம் அன்றே கூறிற்று என்னும் பெருமிதத்தோடு முடிந்துவிடுகின்றன. ஹுனைக்கு இடப்பட்ட கட்டளை பெருமிதத்துக்குரியதன்று, நிறைவேற்றத்துக்குரியது. அறிவுடையோர் என்னும் சொல்லைக் கேட்கும்போது நம் மதரஸாக்கள் தம்மை மட்டுமே நினைத்துக்கொள்ளாதிருக்குமாயின், அதுவே முதற்படியாகும்.