அவசரமெண்டால் தொடாதை

விடிகாலை ஐந்து மணிக்கு எங்கள் சென்னைக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் துணி பிழியும் சத்தம் கேட்கும். கார் துடைக்க வருகிறவர் அவர். கையில் ஒரு வாளி, ஒரு துணி. எட்டு மணிக்குள் இருபது கார் முடிக்க வேண்டும். முதல் காருக்குத் தண்ணீர் தெளிவாக இருக்கும். ஏழாவது காருக்கு வரும்போது அது வெறுந்தேநீர் நிறத்துக்கு வந்து, வாளியின் அடியில் மண் படிந்திருக்கும். அதில் துணியை முக்கிப் பிழிந்து, பொனற்றின் மேல் வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். அந்த ஏழாவது கார் என்னுடையது.

வாங்கி ஒரு வருடம்வரை எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஓர் இரவு பெட்ரோல் பங்கில் நின்றபோதுதான் கண்ணில் பட்டது. கூரை விளக்கின் வெளிச்சம் பொனற்றில் விழுந்த இடத்தைச் சுற்றி, சிலந்தி வலை பின்னியதுபோல நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள். பகலில் பார்த்தால் தெரியாது, விரலால் தடவினாலும் பிடிபடாது. கறுப்புக் கார் என்பதால் அன்றிரவு ஒளிக்க இடமில்லாமல் தெரிந்தது. நாள் தவறாமல் துடைத்த கார் அது. நாள் தவறாமல் துடைத்ததால்தான் அப்படி ஆகியிருந்தது.

இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே நிறமில்லாத ஒரு பளபளப்புப் பூச்சு இருக்கிறது. கிளியர் கோட் என்பார்கள். அதன் தடிப்பு ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரோன், ஒரு தலைமயிரைவிட மெல்லியது. வெயிலையும் மழையையும் கார் தாங்குவது அந்த மயிரளவு பிசினை வைத்துத்தான். தெருத் தூசியிலோ பெரும்பங்கு பொடிமணல். மணல் கண்ணாடியையே கீறும், இந்தப் பிசின் எம்மாத்திரம்? தூசி காரின்மேல் சும்மா கிடக்கும்வரை பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. பிழிந்த துணியால் அதை அழுத்தி இழுக்கும்போது துணியே உப்புத்தாளாகி விடுகிறது. வட்டமாகத் தேய்த்தால் கீறல் எல்லாத் திசைக்கும் போவதால், வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும். நேராக இழுத்தால் அவ்வளவு தெரியாது.

என் பழைய ஊர் யாழ்ப்பாணத்து உரும்பிராய். அங்கே சித்தப்பாவிடம் 1998ஆம் ஆண்டு வெள்ளைக் கொரோலா ஒன்று இருக்கிறது. மாரியில் தோட்டப் பாதையால் வந்தால் அரைக் கதவுவரை செம்மண் அப்பியிருக்கும். அப்படி வந்த ஒரு நாள் நான் பழைய துவாயை எடுத்துக்கொண்டு காரை நெருங்கினேன். சித்தப்பா வாங்கில் இருந்தபடியே அதட்டினார்: “டேய் தம்பி, கையை வைக்காதை! முதல்ல தண்ணியை அடி.”

கிணற்று மோட்டரைப் போட்டு, ஹோஸ் பைப்பைக் கூரையில் பிடிக்கச் சொன்னார். மேலிருந்து கீழே, அவசரப்படாமல். கூரையில் விட்ட தண்ணீர் கண்ணாடி வழியாக இறங்கிக் கதவுக்கு வரும்போது சிவப்பாகி, கதவின் கீழ் விளிம்பிலிருந்து நூல்போல வடிந்தது. ரயர் வளைவுக்குள் இருந்து கட்டி கட்டியாக மண் விழுந்தது. பிறகு ஐந்து நிமிடம் ஊறவிட்டு இன்னொரு தரம் அடித்தோம். அதுவரைக்கும் ஒரு துணியும் காரில் படவில்லை. வடியும் தண்ணீர் தெளிந்த பிறகுதான் ஷம்பு வாளியும் துணியும் வெளியே வந்தன. கடைசியாக, பீப்பாவில் பிடித்து வைத்த மழைத் தண்ணீரில் இரண்டு வாளி எடுத்துக் கூரையிலிருந்து ஊற்றினார். யாழ்ப்பாணக் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறி வருவது. அப்படியே காயவிட்டால் வெள்ளைப் பொட்டுப் பொட்டாகக் கறை பிடிக்கும். சென்னை போர்வெல் தண்ணீரும் அதைத்தான் செய்கிறது, ஆனால் இங்கே மழைத் தண்ணீர் பிடித்துவைத்துக் கார் கழுவும் ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

“கழுவ நேரமில்லையெண்டால்?” என்று கேட்டேன்.

“அவசரமெண்டால் தொடாதை. அப்பிடியே விடு. செம்மண் காரைத் தின்னாது.”

இந்தப் பொறுமைக்கு அங்கே ஒரு காரணம் உண்டு. இலங்கையில் கார் என்பது காணி மாதிரி ஒரு சொத்து. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு அந்தத் தடை விலக 2025 பெப்ரவரி ஆனது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில், இருபது வருடப் பழைய ஜப்பான் கார்கள் வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்குக் கைமாறின. பார்க்க வருகிறவர் எஞ்சினைத் திறப்பதற்கு முன்பே “ஒறிஜினல் பெயின்ற்றோ?” என்று கேட்பார். அதற்கும் முன்னால், போர்க்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஏ40களையும் மொறிஸ் மைனர்களையும் வைத்துப் பிழைத்த ஊர் அது. அந்தக் காலத்துப் பூச்சில் மேலே தனியாகப் பிசின் கிடையாது, நிறமே கடைசிப் படலம். தேய்த்தால் துணியில் நிறம் ஒட்டும், பொலிஷ் போட்டால் திரும்பவும் மினுங்கும். சித்தப்பாவின் தலைமுறைக்குத் துணியைக் கண்டால் வரும் பயம் அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

இந்தியாவில் கணக்கு வேறு. தினமும் துடைத்த கார் வாசலில் நிற்பது வீட்டுக்கு ஒரு மரியாதை. அதைச் செய்து கொடுக்க, மாதம் சில நூறு ரூபாய்க்கு ஓர் ஆள் கிடைக்கிறார். தண்ணீர்த் தட்டுப்பாடும் சேர்ந்துகொள்கிறது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். ஹோஸ் பைப்பைப் பத்து நிமிடம் திறந்து விட்டால் நூறு லீற்றருக்கு மேல் போய்விடும். இப்படித் தண்ணீர் தட்டுப்படும் இடத்தில் ஒரு வாளியில் இருபது கார் துடைப்பவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. உண்மையில் நேரமில்லாதவர் நானல்ல, அவர்தான். நான் சும்மா விட்டிருந்தால் காருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நாளும் துடைக்கச் சொல்லிச் சம்பளம் கொடுத்தது நான்.

இலங்கை முறையைத் தூக்கிப் பிடிக்கவும் முடியாது. சென்னையில் வாட்டர் வாஷ் என்பதை அங்கே சேர்விஸ் என்பார்கள். துப்பாக்கிபோல ஒன்றைப் பிடித்து, ஒரு சாண் தூரத்தில் வைத்துத் தண்ணீரைப் பாய்ச்சுவார்கள். கல்லடி பட்டுப் பெயின்ற் சிறிது பெயர்ந்திருந்தால், அந்த வேகத்தில் விளிம்பு உரிந்து எழும்பிவிடும். இரண்டு முழமாவது தள்ளிப் பிடிக்க வேண்டும். அடிப்பாகத்துக்கு டீசல் அடிக்கும் பழைய வழக்கமும் இரு கரையிலும் இருந்தது. ரப்பர் புஷ்களை அது ஊதவைக்கும். யாழ்ப்பாணத்தில் இன்னும் மோசம்: சுண்ணாம்புக்கல் நிலத்தில் வெடிப்பும் துவாரமும் அதிகம், மேலே சிந்துவது கீழே கிணற்றுக்குப் போய்ச் சேர வெகுநாள் ஆகாது. சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததைப் பார்த்த சனங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உடுப்புத் தோய்க்கும் சவுக்காரத்தால் காரைக் கழுவுகிறவர்களும் அங்கே உண்டு, இங்கே துணி சோப்புத்தூள் போடுகிறவர்கள் இருப்பதுபோல. காரம் கூடிய அந்த நுரை, பூசிய மெழுகை ஒரே கழுவலில் எடுத்துவிடும்.

சித்தப்பாவின் விதிக்கு மூன்று விலக்கு உண்டு, அவற்றில் மட்டும் அவசரப்பட வேண்டும். முதலாவது காக்கை எச்சம். அதில் அமிலம் இருக்கிறது. வெயிலில் சூடேறி இளகிய பூச்சில் அது காய்ந்து இறுகினால், கழுவிய பிறகும் தழும்பு நிற்கும். இதற்கு ஐந்து நிமிடமும் ஒரு போத்தல் தண்ணீரும் போதும். துணியைச் சொட்டச் சொட்ட நனைத்து எச்சத்தின்மேல் போட்டுவிட்டு நிற்க வேண்டும். ஊறியதும் கிள்ளி எடுப்பதுபோலத் துணியோடு தூக்கிவிடலாம். நகத்தால் சுரண்டினால் எச்சம் செய்யாத கேட்டை நகம் செய்யும்.

இரண்டாவது ஆயுத பூசை. சந்தனமும் குங்குமமும் பூசிய வெள்ளைக் கார்களைச் சென்னையில் ஒரு வாரத்துக்குப் பிறகும் பார்க்கிறேன். குங்குமத்தின் சிவப்பு வெள்ளையில் ஊறினால் மங்கலாகவே நின்றுவிடும். கட்டிய வாழையிலிருந்து வடியும் பாலும் கறைதான். ஊரில் பூசை முடிந்த மறுநாள் காலையிலேயே பொட்டை நனைத்து எடுத்துவிடுவார்கள், பொட்டு வைத்த அதே மரியாதையோடு. மூன்றாவது, சென்னையில் மெட்ரோ வேலை நடக்கும் தெருக்களின் சீமெந்துத் தூசி. அது பனி ஈரத்தில் இறுகும் என்பதால் அதை மட்டும் நாள்கணக்கில் விடக்கூடாது. ஆனால் அதற்கும் தண்ணீர்தான் முதலில், துணி பிறகு.

போன தையில் கார் துடைப்பவரோடு உட்கார்ந்து பேசினேன். “அண்ணே, இனி தினமும் வேண்டாம். வாரம் ரெண்டு நாள் போதும். சம்பளம் அதேதான்” என்றேன். அவர் முகம் சுருங்கியது. “வேலை பிடிக்கலையா சார்?” என்று கேட்டார். பங்கில் எடுத்த புகைப்படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். பெரிதாக்கிப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். “இது என் கை பண்ணுனதா?” என்றார். “வாளி பண்ணியது” என்றேன்.

இப்போது எனக்கு இரண்டு வாளி. ஒன்றில் ஷம்பு கலந்த தண்ணீர், மற்றதில் துணி அலசும் தண்ணீர். இரண்டும் சேர்த்து இருபது லீற்றருக்குள். முதலில் ஒரு பூவாளியால் மேலிருந்து நனைத்துவிட்டுச் சிறிது நேரம் விடுகிறார், அதற்குள் பக்கத்துக் காரின் கண்ணாடியை முடித்துவிடுகிறார். முன்பு அவர் வைத்திருந்த திருப்பூர் பனியன் வேஸ்ட்டுக்குப் பதிலாக நான் வாங்கிக் கொடுத்த மைக்ரோஃபைபர் துணி இருக்கிறது. பனியன் துண்டில் தையல் விளிம்பு தடித்து நிற்கும், அது கீறும் என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னார். கூரையும் பொனற்றும் முதலில், கதவின் கீழ்ப்பாதி கடைசியில், எல்லாம் நேர்க்கோட்டில். பன்னிரண்டு நிமிடம் ஆகிறது.

மற்ற ஐந்து நாளும் கார் தூசியோடுதான் அலுவலகம் போகிறது. லிஃப்டில் ஒருவர் “உங்க காருக்கு ஆள் வர்றதில்லையா?” என்று கேட்டார். வருகிறார், செவ்வாயும் சனியும் என்றேன்.