வறுமை, இருட்டு, திரும்பாத காலம்

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகத்தில் ஓர் ஆட்டம் தொடங்கும்போது நம் கையில் ஒரு நகர மையம், மூன்று குடிமக்கள், வேவு பார்க்க ஒரு குதிரைவீரன், 200 உணவு, 200 மரம், 100 தங்கம், 200 கல் இருக்கும். சுற்றிலும் கறுப்புத் திரை. இன்னொரு குடிமகனை உருவாக்க 50 உணவு வேண்டும். அடுத்த யுகத்துக்குப் போக 500 உணவு. அதற்கும் அடுத்ததான கோட்டை யுகத்துக்கு 800 உணவும் 200 தங்கமும். கோட்டை ஒன்று எழுப்ப 650 கல். கையிருப்பையும் இந்த விலைப்பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது வேண்டுமென்றாலும் ஏதோ ஒன்றைத் தள்ளிப்போட்டுத்தான் ஆக வேண்டும். டல்லாஸ் நகரத்து என்செம்பிள் ஸ்டூடியோஸ் உருவாக்கி 1999இல் வெளிவந்த இந்த ஆட்டம் இன்றும் ஆடப்படுவதற்கு அந்தக் கச்சிதமான பற்றாக்குறையே முதல் காரணம் என்பது என் கருத்து.

இந்தப் பற்றாக்குறையை ஒரே வரியில் ஒழித்துக்கட்டும் வழியையும் அதே ஆட்டத்துக்குள் வைத்திருக்கிறார்கள். என்டர் விசையைத் தட்டி, அரட்டைப் பெட்டியில் ‘ராபின் ஹூட்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஆயிரம் தங்கம். ‘லம்பர்ஜாக்’ என்றால் ஆயிரம் மரம். ‘ராக் ஆன்’ என்றால் ஆயிரம் கல். கம்பம் பள்ளத்தாக்கிலும் மலைக்கு மேலே கம்பம்மெட்டு, நெடுங்கண்டம் பக்கத்திலும் பிரவுசிங் சென்டர்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், இந்தச் சொற்கள் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதப்பட்டுக் கைமாறின. அப்போதே கூடவே வந்த கேள்விதான் இது: கம்ப்யூட்டரிடம் போங்காட்டம் ஆடினால் அது தப்பா?

எதிரே உட்கார்ந்திருப்பது மனிதன் இல்லை. தோற்றால் அது வருந்தாது. ஏமாந்தால் அதற்கு ஒன்றும் குறையாது. ஆகவே அறத்தின் பக்கமிருந்து இந்தக் கேள்வியில் பெரிதாக எதுவும் இல்லை. ரசனையின் பக்கமிருந்து கேட்டால்தான் கேள்விக்கு உயிர் வருகிறது. சீட் கோடு எனப்படும் இந்த ரகசியச் சொல் ஒவ்வொன்றும் ஆட்டத்திலிருந்து ஏதோ ஒன்றை எடுத்துவிடுகிறது. எதை எடுக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனால், வியூக ஆட்டம் என்னும் கலை எந்தெந்தத் தூண்களின்மேல் நிற்கிறது என்பது விளங்கும்.

முதல் தூண் வறுமை. காட்டுப்பன்றியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பன்றியில் 340 உணவு இருக்கிறது. ஓர் ஆட்டில் 100தான். ஆனால் பன்றி திருப்பித் தாக்கும். அதனால் ஒரு குடிமகனை அனுப்பி, அம்பு எய்து அதைச் சீண்டி, துரத்த வைத்து, நகர மையம்வரை ஓடிவரச் செய்ய வேண்டும். அங்கே காத்திருக்கும் மற்றவர்கள் சேர்ந்து அதை வீழ்த்துவார்கள். ஒரு கணம் பிசகினால் ஆள் போய்விடுவான். அந்த ஒரு ஆளின் இழப்பு பத்து நிமிடம் கழித்தும் வலிக்கும். நன்றாக ஆடுபவர் பன்றி இழுப்பதைப் பக்கத்தில் அமர்ந்து பார்ப்பதே ஒரு சுகம். எப்போது கிளம்புவது, எந்த வழியாகத் திரும்புவது, முதல் பன்றியின் இறைச்சி தீரும் நேரத்துக்கு இரண்டாவது வந்து சேருவது எப்படி என்பதெல்லாம் அவர் விரலில் இருக்கும். ஆயிரம் உணவை ஒரு வரியில் வரவழைத்தவர் பன்றியைத் தேடிப் போகவே மாட்டார். அவருக்கு உணவு கிடைத்துவிட்டது, வேட்டை போய்விட்டது. உணவுக்கு ஒருமுறை, தங்கத்துக்கு ஒருமுறை என்று இரண்டே வரிகள் அடித்தால் கோட்டை யுகத்தின் முழு விலையும் கையில் இருக்கிறது. அந்த யுகத்தை அடைவதற்குள் நிகழ்ந்திருக்க வேண்டிய இருபது சின்ன முடிவுகளும் நிகழாமலே போகின்றன.

இரண்டாவது தூண் இருட்டு. ஆட்டத்தை ஆக்கியவர்கள் இருட்டை இரண்டு வகையாகப் பிரித்தது மிக நுட்பமான வேலை. நாம் போகாத இடம் கறுப்பு. போய்ப் பார்த்துவிட்டு வந்த இடம் மங்கலான சாம்பல் நிறம். சாம்பலில் நிலம் தெரியும், முன்பு பார்த்த கட்டடம் தெரியும். ஆனால் இப்போது அங்கே யார் நடமாடுகிறார்கள் என்பது தெரியாது. நாம் கடைசியாகப் பார்த்தது எதுவோ அதையே உண்மை என்று திரை காட்டிக்கொண்டிருக்கும். கறுப்பு அறியாமை என்றால் சாம்பல் பழைய அறிவு. இரண்டில் ஆபத்தானது சாம்பல்தான். எதிரியின் வாசலில் ஒரே ஒரு படைக்கூடத்தைப் பார்த்துவிட்டு வந்து நாம் நிம்மதியாக வயல் போட்டுக்கொண்டிருப்போம். அதற்குள் அங்கே மூன்று எழுந்திருக்கும். ‘மார்கோ’ என்ற சொல் கறுப்பை நீக்குகிறது, ‘போலோ’ சாம்பலை நீக்குகிறது. இரண்டையும் நீக்கியபின் வேவுக்காரனுக்கு வேலை இல்லை. மலையுச்சியில் காவல் கோபுரம் வைப்பதற்கும் அர்த்தம் இல்லை. ஊகம் என்ற ஒன்று ஆட்டத்திலிருந்தே கழன்று விழுகிறது.

இதே ஆட்டத்துக்கு 2022இல் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்னும் விரிவாக்கத்தில் திராவிடர் ஒரு தனி நாகரிகமாகச் சேர்க்கப்பட்டார்கள். உருமி வாள்வீரன், திரிசடை என்னும் பெருங்கப்பல், உருக்குக் கலையின் பேரில் ஒரு தொழில்நுட்பம், ராஜேந்திரன் பேரில் ஒரு போர்த்தொடர் எல்லாம் உண்டு. சோழர் கடலோடிய கதையைக் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு, தன் கப்பலைக் கறுப்புக்குள் செலுத்தும் அந்த நிமிடம் வேறெந்த ஆட்டத்திலும் கிடைக்காது. அக்கரையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போவதால்தான் அது கடற்பயணம். வரைபடம் முழுவதும் வெளிச்சமாகிவிட்டால் அது வெறும் சரக்குப் போக்குவரத்து.

மூன்றாவது தூண், திரும்பாத காலம். எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். இதைத் திருட எந்த ரகசியச் சொல்லும் தேவையில்லை. சேவ், லோடு என்ற இரண்டு பட்டன்கள் போதும். போர் ஒன்றுக்கு முன்னால் சேவ் செய்வது, தோற்றால் லோடு செய்வது, ஜெயிக்கும்வரை இதையே திரும்பச் செய்வது. இதைப் பலர் போங்காட்டம் என்றே நினைப்பதில்லை. சேவ் என்பதே நமக்கு அவசியமாக இருந்த ஒன்று. இடவப்பாதி மழை இடுக்கி மலையில் இறங்கிவிட்டால் எங்கோ ஒரு மரம் மின்கம்பியில் சாயும், கரண்ட் போகும். சேவ் செய்யாத ஆட்டம் அதோடு சரி. விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்காக சேவ் செய்வதில் எந்தப் பிசகும் இல்லை. விட்ட இடத்துக்கு வருவது வேறு, நடந்ததை நடக்காததாக்குவது வேறு. பட்டன் ஒன்றுதான், செயல்கள் இரண்டு.

திரும்பாத காலத்தின் கனம் எப்படிப்பட்டது என்பது கம்பம்மெட்டுப் பக்கத்து ஏலக்காய் விவசாயிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. உலர்த்திய காயை இந்த வாரமே புற்றடி ஏலத்துக்கோ போடிநாயக்கனூர் ஏலத்துக்கோ அனுப்புவதா, விலை ஏறட்டும் என்று சாக்கில் கட்டி வைப்பதா என்பது அவருடைய முடிவு. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட காய், இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் ஆயிரத்துக்கும் கீழே வந்தது. விற்றவர் விற்றவர்தான், வைத்திருந்தவர் வைத்திருந்தவர்தான். வியூக ஆட்டங்கள் இந்தக் கனத்தை, நிஜமான நஷ்டம் எதுவும் இல்லாமல், நம் உள்ளங்கையில் வைத்துக் காட்டுகின்றன. அதுவே அவற்றின் ஆகப் பெரிய கொடை. லோடு பட்டன் அந்தக் கனத்தைத்தான் கரைக்கிறது.

இதை ஆட்டங்களை உருவாக்குபவர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள். ஃபிராக்ஸிஸ் நிறுவனம் உருவாக்கி 2012இல் வந்த எக்ஸ்காம்: எனிமி அன்நோன் ஆட்டத்தில் அயர்ன்மேன் என்றொரு முறை உண்டு. அதில் ஒரே ஒரு சேவ்தான். நாம் நகர நகர அதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும். சுட்டது தவறினால் தவறியதுதான், இறந்த வீரன் இறந்தவன்தான். சாதாரண முறையிலும் ஒரு நுட்பம் வைத்தார்கள்: பகடையின் முடிவு சேவோடு சேர்த்தே பதிவாகிறது. லோடு செய்துவிட்டு அதே வீரனை அதே இடத்திலிருந்து மறுபடி சுடச் சொன்னால் அதே விளைவுதான் வரும். சிவிலைசேஷன் தொடரின் பல பாகங்களிலும் இயல்பான அமைப்பு இதுவே. லோடு செய்தவர் அதிர்ஷ்டத்தை மாற்ற முடியாது. தன் யோசனையைத்தான் மாற்ற வேண்டும். கள்ளனுக்கும் கொஞ்சம் மூளை வேலை வைக்கும் இந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கம்ப்யூட்டர் மட்டும் யோக்கியமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2016இல் வந்த சிவிலைசேஷன் ஆறாம் பாகத்தின் உச்ச நிலையான டெய்ட்டியில், நாம் ஒரு குடியேறியோடு தொடங்க, கம்ப்யூட்டர் மூன்று குடியேறிகளோடு தொடங்குகிறது. அதன் உற்பத்திக்கும் போர் வலிமைக்கும் கூடுதல் சலுகைகள் வேறு. நம் பக்கம் சாயும் போங்கும் உண்டு. அதே எக்ஸ்காமில், எளிய நிலைகளில் நாம் தொடர்ந்து குறி தவறினால் அடுத்த குறியின் வாய்ப்பைத் திரைக்குப் பின்னால் ஆட்டமே உயர்த்திவிடுகிறது. சிவிலைசேஷனைப் படைத்த சிட் மெய்யர் 2010இல் ஆட்ட உருவாக்குநர்கள் மாநாட்டில் பேசியபோது இதன் உளவியலை எடுத்துச் சொன்னார். மூன்றுக்கு ஒன்று என்ற பலத்தில் போரிட்டுத் தோற்றால் ஆடுபவர்கள் கொதித்துப்போகிறார்கள். நாலில் ஒருமுறை தோற்பதுதான் கணக்கு என்பது அவர்களுக்குப் புரிவதில்லை. அதனால் கணக்கை அவர்களுடைய உணர்வுக்கு ஏற்ப வளைக்க வேண்டியிருந்தது.

இதனால் நம் போங்குக்கு நியாயம் கிடைத்துவிடுமா? கிடைக்காது என்றே நினைக்கிறேன். டெய்ட்டியில் எதிராளிக்குத் தரப்பட்ட மூன்று குடியேறிகள் நம் முன்னால் வைக்கப்பட்ட புதிரின் ஒரு பகுதி. அவர்கள் அதிகம், நாம் குறைவு, என்ன செய்யப் போகிறாய் என்று ஆட்டம் கேட்கிறது. அந்தச் சலுகை நம் வறுமையை ஆழமாக்குகிறது; நம்முடைய சீட் கோடோ அதைத் துடைத்துவிடுகிறது. ஒன்று ஆட்டத்தைக் கூட்டுகிறது, மற்றது கழிக்கிறது.

எதிராளி இல்லாத ஆட்டம் நமக்குப் புதியதும் இல்லை. பல்லாங்குழியில் சீதைப் பாண்டி என்று ஒருவரே ஆடும் வகை உண்டு. அசோகவனத்தில் தனித்திருந்த சீதை ஆடியது என்று வழிவழியாகச் சொல்வார்கள். பதினான்கு குழிகள், கை நிறைய முத்துகள். எடுத்து இட்டு, எடுத்து இட்டுப் போகும்போது, ஒரு முத்தைக் கள்ளத்தனமாகப் பக்கத்துக் குழியில் போட்டால் கேட்க ஆளில்லை. ஆனாலும் ஆடியவர்கள் விதி பிசகாமல்தான் ஆடினார்கள். விதியைத் தளர்த்திவிட்டால் கையில் மிஞ்சுவது புளியங்கொட்டை மட்டும்தான் என்பது அவர்களுக்குத் தெரியும். தனி ஆட்டத்தில் விதி எதிராளிக்கு நாம் காட்டும் மரியாதை அல்ல. ஆட்டம் என்ற ஒன்று இருப்பதே விதியால்தான்.

அதற்காக எல்லாச் சீட் கோடுகளும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் ‘ஹவ் டூ யூ டர்ன் திஸ் ஆன்’ என்று அடித்தால், வாளும் வில்லும் ஏந்திய உலகத்துக்குள் துப்பாக்கி பொருத்திய கோப்ரா கார் ஒன்று சீறிக்கொண்டு வரும். அதை ஓட்டிக் கோட்டைகளைச் சல்லடையாக்குபவர் வியூக ஆட்டம் ஆடவில்லை. அவருக்கும் அது தெரியும். அது ஒரு கும்மாளம், முழுமையான கும்மாளம். ஆட்டத்தை ஆக்கியவர்களே தந்த திருவிழாவை அனுபவிப்பதில் என்ன குறை? கெடுப்பது, ஜெயித்ததாக நம்மையே நம்பவைக்கும் போங்குதான். ஐந்து முறை லோடு செய்து வென்ற போரை நம் திறமைக் கணக்கில் எழுதிக்கொள்கிறோமே, அது.

இங்கே சதுரங்க வீரர் குகேஷின் பயிற்சியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சென்னையில் அவருக்குக் கற்றுக்கொடுத்த கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, ரேட்டிங் 2500ஐத் தாண்டும்வரை சதுரங்க எஞ்சின்களைத் தொடவே விடவில்லை. அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் எல்லோரும் எஞ்சினைத் திறந்து வைத்துக்கொண்டு படித்த காலம் அது. எஞ்சினைக் கேட்பது பயிற்சியில் போங்கு அல்ல. யாரும் தடுக்கவும் இல்லை. ஆனால் விடை முதலில் தெரிந்துவிட்டால் தேடும் தசை வளராது என்பது ஆசிரியரின் கணிப்பு. இருட்டில் தானாகவே கணக்குப் போட்டுப் பழகிய அந்தப் பையன், 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். எஞ்சினை அவர் பிற்பாடு பயன்படுத்தாமல் இல்லை. வரிசைதான் முக்கியம்: முதலில் தன் யோசனை, பிறகு கருவி.

தனி ஆட்டங்களுக்கும் நான் சொல்லக்கூடிய முறை இதே வரிசைதான். ஆட்டம் கடினமாக இருக்கிறதா, ஒரு நிலை கீழே இறங்கி ஆடுங்கள். நிலைகளை அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, விதியும் உடைவதில்லை. தோற்கப் போகிறோம் என்று தெரிந்தாலும் கடைசிக் கட்டடம் விழும்வரை ஆடுங்கள்; தற்காப்பின் அழகெல்லாம் அங்கேதான் இருக்கிறது. தோற்று முடிந்தபின் பழைய சேவ் கோப்பைத் திறந்து, ‘மார்கோ’, ‘போலோ’ இரண்டையும் அடித்து வரைபடத்தை வெளிச்சமாக்குங்கள். எதிரியின் படை எந்த நிமிடத்தில் எந்தக் காட்டோரம் திரண்டது, அப்போது நம் வேவுக்காரன் எங்கே சும்மா நின்றுகொண்டிருந்தான் என்று பாருங்கள். தோல்விக்கு முன்னால் அடித்திருந்தால் ஆட்டத்தைக் கெடுத்திருக்கும் அதே சொற்கள், தோல்விக்குப் பின்னால் வாத்தியாராகிவிடும். அடுத்த ஆட்டத்தில் அந்தக் காட்டோரத்துக்கு உங்கள் குதிரைவீரன் தானாகவே போவான்.