பிற்பாதியை விட்ட பாடம்

தமிழாசிரியர் பயிற்சி பெறுவோர் நடத்தும் பயிற்சிப் பாடங்களைப் பார்த்துக் குறைநிறை கூறுவது எனக்குப் பல்லாண்டுப் பழக்கம். கரும்பலகை எழுத்து, குரல், வினாத் தொடுக்கும் முறை, காலப் பங்கீடு என்று தலைப்புவாரியாக மதிப்பெண் இடுவதோடு அவ்வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். அண்மையில் கிராஞ்சி வட்டாரத்துப் பள்ளியொன்றில் கண்ட பாடம் அவ்வாறு முடியவில்லை. மதிப்பெண் தாளைக் கொடுத்துவிட்டுப் பாலத்தைக் கடந்து ஜொகூருக்குத் திரும்பிய பின்னரும், அவ்வகுப்பில் எழுந்த கேள்வியொன்று என்னை விடவில்லை. குறள் கற்பிக்கும் நம் அனைவர்க்கும் உரிய கேள்வியாதலின் அதனை இங்கே எழுதுகின்றேன்.

பாடத்தின் பொருள் சமூக ஏற்றத்தாழ்வு. எடுத்துக்கொண்ட இலக்கியம், பெருமை என்னும் அதிகாரத்து 972ஆம் குறள். உயர்நிலை இரண்டாம் வகுப்பு மாணவர் பதினெண்மர். பயிற்சியாசிரியை ஒரு நிழற்படத்தைத் திரையிற் காட்டித் தொடங்கினார். விடியற்காலையில் லாரியின் பின்தட்டில் நெருங்கி அமர்ந்து வேலைக்குச் செல்லும் வெளிநாட்டு ஊழியரின் படம் அது. ஊழியர் தங்கும் விடுதிகள் கிராஞ்சிப் பக்கத்திலேயே இருப்பதால் பிள்ளைகளுக்கு அக்காட்சி புதிதன்று. "இவர்களும் நாமும் சமமா?" என்று ஆசிரியை கேட்டார். "சமம்" என்று வகுப்பே ஒரு குரலாக விடை கூறிற்று.

பின்னர்க் குறளின் முற்பாதியைப் பலகையில் பெரிதாக எழுதினார். பிறப்பு என்பது எல்லா உயிர்க்கும் ஒரு தன்மையது என்ற அப்பகுதி சீர்திருத்த மேடைகளில் எவ்வாறு முழங்கிற்று என்பதையும் அழகாக விளக்கினார். 1949ஆம் ஆண்டு சனவரியில் பெரியார் சென்னையில் கூட்டிய திருக்குறள் மாநாடு, 1932இல் சிங்கப்பூரில் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கம், அதில் உழைத்த கோ. சாரங்கபாணி ஆகிய செய்திகளைக் குறுகக் கூறினார். பாடப்பொருளை நாட்டு வரலாற்றோடு இணைத்த இத்திறம் பாராட்டுக்குரியது. குரலும் நன்று. பிள்ளைகளை மருட்டாமல் பேசவைத்ததும் நன்று.

அடுத்து, படத்தில் உள்ளவர்களைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். பதினெண்மரில் பெரும்பாலோர் "பாவம்" என்ற சொல்லைப் பெய்து எழுதியிருந்தனர். அவர்களுக்கு உணவு கொடுக்க வேண்டும், பழைய துணி கொடுக்க வேண்டும் என்று சிலர் எழுதினர். ஆசிரியை மகிழ்ந்தார். அந்த நேரத்தில், பின்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் பாடநூலில் குறளை முழுமையாகப் படித்துவிட்டு எழுந்தான்.

"டீச்சர், படிக்காவிட்டால் நீயும் இப்படி லாரியில்தான் போவாய் என்று எங்கம்மா சொல்வார்கள். செய்கிற தொழிலால் சிறப்பு ஒன்றாக இருக்காது என்று இங்கே போட்டிருக்கிறது. வள்ளுவரும் எங்கம்மா சொன்னதைத்தான் சொல்கிறாரா?"

ஆசிரியை சற்றுத் திகைத்தார். "நல்ல கேள்வி. நேரமாகிவிட்டது, அடுத்த பாடத்தில் பார்ப்போம்" என்றார். பயிற்சிப் பாடத்திற்கு அடுத்த பாடம் என்பது இல்லை.

பாடம் உண்மையில் தொடங்கியது அக்கேள்வியில்தான் என்பது என் கருத்து. அதுவரை நடந்ததெல்லாம், பிள்ளைகள் வகுப்புக்கு வருமுன்பே அறிந்திருந்த விடையைத் திரும்பச் சொல்லவைத்ததே. பாதிக் குறளைக் கற்பித்தால் முழக்கம் கிடைக்கும், இலக்கியம் கிடைக்காது. மீதிப் பாதிதான் சிக்கலுடையது. பிறப்பில் ஒத்தவர், செய்தொழில் வேற்றுமையால் சிறப்பில் ஒவ்வார் என்று அது கூறுகிறது. இதனை மறைத்துக் கற்பித்தால், மறைத்ததைத் தானே கண்டுகொள்ளும் மாணவன் வள்ளுவரையும் நம்மையும் ஒருங்கே ஐயுறுவான்.

உரைகளைப் பார்ப்போம். பரிமேலழகர் இக்குறளின் வேறுபாட்டை விளக்குமிடத்து, முதலில் நல்லன, தீயன முதலாகப் பகுக்கிறார். அவ்வளவில் நின்றிருப்பின் தொழில் என்றது செயலையே என்று நாம் தெளிந்திருப்போம். ஆயின் அவரே தொடர்ந்து, பெருமை சிறுமைகளுக்குக் கட்டளைக்கல்லாகிய தொழிற் பாகுபாடுகள் வருணந்தோறும் வேறுபடும் என்கிறார். செயல் என்று தொடங்கிய பொருள் குலத்தொழிலிற் சென்று முடிகிறது. மாணவர் கைகளில் மிகுதியாக வழங்கும் மு. வரதராசனாரின் தெளிவுரையோ வருணத்தை அறவே நீக்கிவிட்டது. எனினும் தொழில்களின் உயர்வு தாழ்வு என்னும் கருத்தை அது சேர்த்துக்கொண்டது. குறளில் இருப்பது வேற்றுமை என்னும் சொல் ஒன்றே. உயர்வும் தாழ்வும் உரையில் வந்தவை. அச்சிறுவனின் தாய் கூறியதற்கும் இவ்வுரைக்கும் தொலைவு மிகுதியில்லை.

குறளுக்குக் குறளையே உரையாகக் கொள்வது நல்ல முறை. தொழில் என்னும் சொல்லை வள்ளுவர் வேறிடங்களில் எப்படி ஆள்கிறார்? பேதைமை அதிகாரத்து 833ஆம் குறளில் பேதையின் தொழில் என்று நாணாமை முதலியவற்றை எண்ணுகிறார். அவை எவர்க்கும் பிழைப்புத் தொழில் ஆகா, நடத்தை மட்டுமே. கல்வி அதிகாரத்து 394ஆம் குறளிலும் புலவர் தொழில் என்பது அவர்கள் பிறரோடு கூடிப் பிரியும் பண்பையே குறிக்கிறது. இவற்றினும் தெளிவாக, 505ஆம் குறள் பெருமைக்கும் சிறுமைக்கும் உரைகல் அவரவர் கருமமே என்று முடிவு கட்டுகிறது. பரிமேலழகர் 972இன் உரையில் எடுத்தாண்ட கட்டளைக்கல் என்ற சொல் இங்கே வள்ளுவர் வாக்காகவே இருக்கிறது, வருணம் இல்லை. மேலும், 972ஐ அடுத்து நிற்கும் 973ஆம் குறள், மேலிடத்தில் இருந்தும் மேன்மைக் குணம் இல்லாதவர் மேலோர் ஆகார் என்றும், கீழிடத்தில் இருந்தும் கீழ்மை இல்லாதவர் கீழோர் ஆகார் என்றும் கூறுகிறது. இடம் வேறு, பெருமை வேறு என்பதை இதனினும் விளக்கமாகச் சொல்ல இயலாது. லாரியின் முன்னிருக்கை, பின்தட்டு இரண்டும் இடங்களே.

எனவே சிறுவனுக்குரிய விடை இது: "இல்லை, தம்பி. என்ன வேலை செய்கிறாய் என்று வள்ளுவர் கேட்கவில்லை. எப்படி நடந்துகொள்கிறாய் என்று கேட்கிறார். லாரியில் போகிறவரையும் அப்படியே கேட்பார், அவரை வேலைக்கு வைத்தவரையும் அப்படியே கேட்பார்."

இவ்விடையோடு நின்றாலும் பாடம் நிறைவுறாது. அத்தாயைக் குறை கூறுவது எளிது. ஆனால் அவர் அஞ்சுவதில் உண்மை இருக்கிறது. அவ்வேலை கடினம், கூலி குறைவு, உறைவிடம் நெருக்கம். 2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றின்போது விடுதிகளில் தங்கியிருந்த ஊழியருள் 47 விழுக்காட்டினர் அந்நோய்க்கு ஆளாயினர் என்று அவ்வாண்டு திசம்பரில் அரசு அறிவித்தது. இவ்வேற்றத்தாழ்வு பிறப்பால் வந்ததா? செயலால் வந்ததா? இரண்டாலும் அன்று, ஒருவரோடு ஒருவர் ஒட்டிப் படுக்கும் இடத்தால் வந்தது. குறள் கூறும் இரண்டினுள் அடங்காத மூன்றாவது வேற்றுமை இது. மனிதர் வகுத்த கூலியும் குடியிருப்பும் இதன் காரணங்கள். தன் மகன் அந்நிலைக்கு வரக்கூடாது என்று ஒரு தாய் நினைப்பதில் தவறில்லை. கூலியின் தாழ்வை அக்கூலியைப் பெறும் ஆளின்மேல் ஏற்றுவதே தவறு. "பாவம்" என்ற சொல்லும் அதே தவற்றைக் கனிவான முகத்தோடு செய்கிறது. இரங்குகின்றவன் மேலேயும் இரங்கப்படுகின்றவன் கீழேயும் நின்றுவிடுகின்றனர். எவரும் கூலியைப் பற்றிக் கேட்பதில்லை.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்பதையும் கூறிவிடுகிறேன். என் பள்ளி தோட்டப் பள்ளி. "படிக்காவிட்டால் பால்மரம் சீவத்தான் போவாய்" என்று நானே வகுப்பில் பன்முறை கூறியிருக்கின்றேன். அவ்வாறு கூறிய ஒருநாள் முன்வரிசையில் இருந்த சிறுமி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தாய் அன்று விடியுமுன் எழுந்து மரம் சீவப் போனவள். அச்சிறுமி கையிலிருந்த நோட்டுப் புத்தகம் அக்கூலியில் வாங்கியது. அவள் கவனம் சிதறுகிறது என்று எண்ணி அதட்டினேன். கிராஞ்சியில் அச்சிறுவன் எழுந்து கேட்டபோதுதான், அன்று அவள் கேட்காமல் விட்ட கேள்வி இதுவே என்று விளங்கிற்று.

பாடம் முடிந்து கலந்துரையாடும்போது பயிற்சியாசிரியை, "ஐயா, நான் என்ன செய்திருக்க வேண்டும்?" என்று மறைக்காமல் கேட்டார். நல்லாசிரியராக வருவார் என்பதற்கு அக்கேள்வியே சான்று. அவரிடம் கூறியதையே இங்கும் கூறுகின்றேன். குறளை முழுமையாகப் பலகையில் எழுதுங்கள். இரண்டு உரைகளை அருகருகே கொடுத்து, எந்தச் சொல் குறளில் உள்ளது, எது உரையில் வந்தது என்று பிள்ளைகளையே கோடிடச் சொல்லுங்கள். பின்னர் 505ஐயும் 973ஐயும் கொடுத்து, எவ்வுரை இவற்றோடு பொருந்துகிறது என்று கேளுங்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது மிகை என்பார் உளர். பின்வரிசைச் சிறுவன் துணையின்றியே பாதி வழி வந்துவிட்டான் என்பதை அவர்கள் கருத வேண்டும். கடைசியில் படத்தை மீண்டும் காட்டி, "பாவம்" என்ற சொல் இல்லாமல் ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். அவ்வாக்கியம் பெரும்பாலும் ஒரு கேள்வியாக இருக்கும்.

சமூக ஏற்றத்தாழ்வை இலக்கியத்தின் வழிக் கற்பிப்பது இன்று பயிற்சித் திட்டங்களில் விரும்பப்படுகிறது. நல்லதே. ஆனால் நாம் முன்னரே முடிவு செய்த அறவுரைக்குச் சான்று தேடும் பெட்டியாக இலக்கியத்தை ஆக்கிவிடலாகாது. நமக்கு இடர் தரும் அடியையும் வகுப்பில் உரக்கப் படிக்கும் துணிவு வேண்டும். அச்சிறுவன் இன்னும் விடைக்குக் காத்திருக்கின்றான். அவன் வீட்டுக்குச் சென்று தன் தாயிடம் குறளின் இரு பாதிகளையும் சொல்லி விளக்கும் நாளில்தான் அந்தப் பயிற்சிப் பாடம் முடிந்ததாகும்.