கேட்டுக்கு வெளியே நிற்பவளுக்கு எந்தச் சட்டம்?

"கல்யாணம் ஆயிடுச்சா?" பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர்கூட நம் ஊரில் சகஜமாகக் கேட்கிற கேள்வி இது. இதையே ஒரு தொழிற்சாலை கேட்டில் கேட்டு, "ஆயிடுச்சு" என்று சொன்ன ஒரே காரணத்துக்காக ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பினால் அவளைக் காப்பாற்ற என்ன சட்டம் இருக்கிறது? 2024 ஜூனில் இந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்களை அசெம்பிளி வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் மறுத்தது. புதிதாகச் சேர்ந்தவர்களில் 25 சதவீதம் மணமான பெண்கள் என்று அரசிடம் சொன்னது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம், 5ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டித் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. அந்த ஆலை தவறு செய்ததா என்பதை விசாரிப்பவர்கள் சொல்லட்டும். அமைச்சகம் கையில் எடுத்த சட்டம் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு உதவும் என்பதையே இங்கே எடைபோடுகிறேன்.

படிக்கும்போது அந்தப் பிரிவு வலுவாகத்தான் இருந்தது. ஒரே மாதிரியான வேலைக்கு ஆள் எடுக்கையில் பெண்களுக்கு எதிராகப் பாகுபாடு காட்டக் கூடாது. மீறினால் 10,000 முதல் 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் ஆயிரக்கணக்கில் பெண்களை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி, "நான் எங்கே பெண்களுக்கு எதிராக நடந்தேன்?" என்று கேட்டால்? இந்த வாதத்துக்கு உச்ச நீதிமன்றமே ஒருமுறை இடம் கொடுத்திருக்கிறது. ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் தொடுத்த நர்கேஷ் மீர்சா வழக்கில் 1981இல், முதல் கர்ப்பத்தோடு வேலை போய்விடும் என்ற விதியை நீதிமன்றம் ரத்து செய்தது. சேர்ந்த நான்கு ஆண்டுக்குள் கல்யாணம் செய்யக் கூடாது என்ற விதியை மட்டும் விட்டுவைத்தது. பெண்ணின் உடல்நலத்துக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் அது நல்லது என்று காரணமும் சொன்னது. என் பார்வையில் அந்தப் பகுதி தவறான தீர்ப்பு. கல்யாணம் ஆனதா என்று ஆணிடம் கேட்காமல் பெண்ணிடம் மட்டும் கேட்டால், அது பெண் என்பதற்காகக் கேட்கும் கேள்விதான்.

திருமணம் செய்ததற்காக 1988இல் நீக்கப்பட்ட ராணுவச் செவிலியர் அதிகாரி ஒருவருக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது, அந்த விதி தன்னிச்சையானது என்று தெளிவாகவே சொன்னது. மனம் நிறைந்த தீர்ப்பு. ஆனால் அவர் எதிர்த்து நின்றது அரசை. அரசமைப்பின் 14, 16ஆம் பிரிவுகள் கட்டுப்படுத்துவதும் அரசைத்தான். தனியார் ஆலையின் வாசலில் அந்தப் பிரிவுகளைக் காட்டி நேரடியாக உரிமை கேட்க முடியாது. அங்கே நாடாளுமன்றம் இயற்றும் சட்டம் ஒன்றுதான் துணை.

முதலாளிகள் தரப்பில் சொல்லப்படும் காரணங்களையும் பார்த்துவிட வேண்டும். தாலி, மெட்டி போன்ற உலோகம் உற்பத்திக்கு இடைஞ்சல் என்கிறார்கள். உள்ளே உலோகம் கூடாது என்றால் அதை ஆண், பெண் எல்லோருக்கும் விதியாக வைக்கலாம். ஆளையே வேண்டாம் என்று சொல்ல அது காரணமாகாது. அடுத்தது பிரசவச் செலவு. மகப்பேறு சட்டத்தின் 2017 திருத்தம் 26 வார விடுப்புச் சம்பளத்தை முதலாளி தலையில் வைத்தது என்பது உண்மை. அதுவே பெண்களை எடுக்கத் தயங்க வைக்கிறது என்ற விமர்சனத்திலும் நியாயம் உண்டு. ஆனால் மாதம் 21,000 ரூபாய் வரை வாங்கும் ஆலைத் தொழிலாளிக்கு அந்த 26 வாரப் பணத்தைத் தருவது இ.எஸ்.ஐ. கழகம். அதற்கு முதலாளி கட்டும் சந்தா, சம்பளத்தில் 3.25 சதவீதம், மணமாகாத ஆணுக்கும் மணமான பெண்ணுக்கும் ஒன்றுதான். ஆக, அசெம்பிளி லைனில் நிற்கும் பெண்ணைப் பொறுத்தவரை செலவு என்ற வாதம் நிற்காது.

இவ்வளவு தெரிந்த பிறகு சட்டம் கூர்மையாகியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, 1976 சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. பெண்கள் என்றிருந்ததைப் பாலினம் என்று விரித்தது நல்ல மாற்றம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் குற்றத்துக்குச் சிறை இல்லை. அபராதம் அதிகபட்சம் 20,000. அதைவிட மோசம் 52ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் பாதிக்கப்பட்டவரே நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம். இப்போது அரசு, ஆய்வாளர், தொழிற்சங்கம், அல்லது 'ஊழியர்' கொடுத்தால்தான் ஏற்பார்கள். வேலையே கிடைக்காதவள் எப்படி ஊழியராவாள்? ஆய்வாளர் சோதனைக்குப் போனாலும் அவர் புரட்டுவது வேலையில் இருப்பவர்களின் பதிவேடு. ஆள் எடுக்கும் ஏஜென்ட் வாய்மொழியாகத் தட்டிக்கழித்தவளின் பெயர் அதில் இருக்காது.

பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் என்று இதை அழைக்கலாம். வேலை தேடி வரும் பெண்ணுக்குப் பாதுகாப்பு என்று அழைக்க முடியாது. 52ஆம் பிரிவில் வேலைக்கு விண்ணப்பித்தவரையும் சேர்க்க வேண்டும். அபராதம் அரசுக்குப் போவதோடு நிற்காமல் அவளுக்கு இழப்பீடு கிடைக்க வேண்டும். பாகுபாடு நடந்ததாக நம்பத் தகுந்த அடிப்படையை அவள் காட்டினால், நடக்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளிக்குப் போக வேண்டும். பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் அப்படித்தான் இயங்குகிறது. நாடாளுமன்றம் செய்யும்வரை தமிழக அரசு காத்திருக்கத் தேவையில்லை. புகார் கொடுக்கும் அதிகாரம் அதற்கு இன்றே இருக்கிறது.