வலைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டம்

கோல்ஃப் பந்தின் எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. சுமாரான ஓர் எலுமிச்சம்பழத்தின் கனம்தான். ஆனால் டிரைவர் மட்டையில் சரியாக மாட்டிய பந்து மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் கிளம்பும். குறி தப்பினால் பக்கத்துத் தோட்டத்தில் துணி காயப்போடுபவருக்குத் தலையைக் குனியக்கூட நேரம் இருக்காது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிங்ஸ்டன் என்ற ஊர். அங்கே ஒரு குடும்பம் 2017-இல் கோல்ஃப் மைதானத்தை ஒட்டி வீடு வாங்கியது. பக்கத்திலேயே பதினைந்தாம் குழிக்கான ஆட்டப் பாதை. அடுத்த சில ஆண்டுகளில் 600-க்கும் மேற்பட்ட பந்துகள் அந்த வீட்டைத் தேடி வந்தன. ஜன்னல்கள் உடைந்தன, வெளிச்சுவர்ப் பலகைகள் நசுங்கின. 2021 டிசம்பரில் ஜூரிகள் சுமார் 35 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னார்கள். ஓராண்டு கழித்து மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்த மனையின் பத்திரங்களிலேயே மைதானத்துக்குச் சாதகமான ஈஸ்மெண்ட் உரிமை, அதாவது அடுத்தவர் நிலத்தை ஒரு குறிப்பிட்ட வகையில் பயன்படுத்தும் உரிமை, எழுதப்பட்டிருந்தது. அந்த உரிமையை எப்படிப் படிக்க வேண்டும் என்று ஜூரிகளுக்குச் சரியாக விளக்கவில்லை என்பதுதான் காரணம்.

இப்படி ஒரு புகார் வந்ததும் எல்லார் வாயிலும் முதலில் வருகிற சொல் ‘வலை’. இரும்புக் கம்பங்களை நட்டு, பாலிஎத்திலீன் அல்லது பாலியெஸ்டர் வலையைத் தொங்கவிட்டால் பந்து நின்றுவிடும் என்ற நம்பிக்கை. அதில் உண்மை இருக்கிறது. பந்தின் விட்டம் குறைந்தது 42.67 மில்லிமீட்டர், வலைக்கண் 25 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நுழைய வழியில்லை. சற்றுத் தளர்வாகக் கட்டிய வலை பந்தின் வேகத்தை வாங்கிக்கொண்டு அதை அடியிலேயே போட்டுவிடும். இடநெருக்கடியான பழைய மைதானத்தில், பாதையை நகர்த்த ஒரு முழ நிலம்கூட மிஞ்சாத இடத்தில், வலையைத் தவிர வேறு வழி இருக்காது. ஒரு குழந்தையின் கண்ணை அது காப்பாற்றுமானால் அழகைப் பற்றிப் பேசுவதற்கு ஒன்றுமில்லை.

சிக்கல் உயரத்தில் தொடங்குகிறது. தேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரரின் டிரைவர் அடி சுமார் 30 மீட்டர் உயரம் வரை எழும். அந்தப் பந்தை நடுவழியில் மறிக்கப் பத்துமாடிக் கட்டடத்துக்கு ஈடான கம்பம் வேண்டும். வீட்டுத் தோட்டத்தின் ஓரத்தில் அதை நட யார் சம்மதிப்பார்கள்? அதனால் பேரம் பேசி உயரத்தைக் குறைக்கிறார்கள். குறைத்த வலை தாழ்வான அடிகளைப் பிடிக்கும். உயர எழுந்து வளைந்து இறங்குவதைப் பிடிக்காது. தோட்டக்காரருக்கு வானமும் பாதி மறைகிறது, பந்தும் வருகிறது.

காற்றையும் மறக்கக் கூடாது. 2019 செப்டம்பர் 9 அதிகாலை, ஃபக்சாய் புயல் ஜப்பானின் சிபா மாகாணத்தைத் தாக்கியபோது, இச்சிஹாரா நகரில் ஒரு கோல்ஃப் பயிற்சி மைதானத்தின் வலைக் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து பக்கத்து வீடுகளின் மேல் விழுந்தன. கூரைகள் பிளந்தன; ஓர் இளம்பெண் பலத்த காயமடைந்தார். வீடுகளின் மேல் பச்சை வலை போர்வைபோல் கிடந்த படங்களை மறப்பது கடினம். பந்திலிருந்து காக்க நட்ட கம்பமே வீட்டின் மேல் விழுந்தது. புயல் வருமுன் வலையை இறக்கிவிடுவது அந்த நாட்டுப் பயிற்சி மைதானங்களில் வழக்கம்தான். இறக்கினால் மட்டுமே அந்த வழக்கத்துக்குப் பொருள் உண்டு.

இங்கிலாந்தில் இன்னொரு முடிச்சு. பொதுவாக 2 மீட்டருக்கு மேல் வேலி எழுப்ப உள்ளாட்சியின் திட்ட அனுமதி வேண்டும். வாகனச் சாலையை ஒட்டி என்றால் 1 மீட்டருக்கு மேலேயே வேண்டும். ஆகவே வலை கேட்கும் வீட்டுக்காரரும், பார்வை மறைகிறது என்று ஆட்சேபிக்கும் அடுத்த வீட்டுக்காரரும் ஒரே கோப்பில் சந்திக்கிறார்கள். 2018-இல் திருத்திய தேசியத் திட்டக் கொள்கை ஒன்றை மட்டும் நேராகச் சொல்லிவிட்டது: ஏற்கெனவே இயங்கும் இடத்துக்கு அருகில் புதிதாக வீடு கட்ட வருபவரே தகுந்த தடுப்புக்குப் பொறுப்பு. நியாயமான ஏற்பாடு. ஆனால் மரத்தலை மட்டைக் காலத்தில் வரைந்த எல்லையை டைட்டானியம் மட்டை தாண்டும்போது, புதிதாக வந்தது வீடா, அந்த நீளமான அடியா?

நீதிமன்றங்கள் இதை வெகுகாலமாக எண்ணிக்கையால் அளந்திருக்கின்றன. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், பதின்மூன்றாம் குழிக்கான டீ மேடையிலிருந்து (முதல் அடியை அடிக்கும் மேடை) வந்த கோல்ஃப் பந்து சாலையில் போன டாக்சியின் முன்கண்ணாடியை உடைத்து ஓட்டுநரின் கண்ணைப் பறித்தது. அங்கே பந்து சாலைக்கு வருவது வாடிக்கை. 1922 தீர்ப்பில் கிளப்பே பொறுப்பானது. மாறாக, மான்செஸ்டரில் ஒரு கிரிக்கெட் மைதானத்திலிருந்து பந்து வெளியே போனது 30 ஆண்டுகளில் ஏறக்குறைய ஆறு முறைதான். பெண்ணொருவர் அடிபட்டும் 1951-இல் கிளப் தப்பியது. எந்தக் குழியிலிருந்து, எந்தத் திசையில், மாதத்துக்கு எத்தனை பந்து என்ற கணக்கு இல்லாமல் வலையின் நீளத்தைக்கூடத் தீர்மானிக்க முடியாது.

அந்தக் கணக்கை எடுத்தால் வலைக்கு முந்திய மருந்துகள் கண்ணில் படும். வலக்கை ஆட்டக்காரரின் பிசகிய அடி பெரும்பாலும் வலப்புறம் வளையும். ஸ்லைஸ் என்பது அதுதான். வீடுகள் வலப்புறம் இருக்கும் பாதையில் டீ மேடையைச் சில மீட்டர் நகர்த்தி, குறிவைக்கும் கோட்டை இடப்புறம் திருப்பினாலே பாதி வேலை முடியும். கிளப்பின் உள்விதிக்கும் இங்கே வேலை உண்டு. மைதானத்துக்குள்ளேயே ஒரு பகுதியை எல்லைக்கு வெளியே என்று அறிவித்தால், வீட்டோரமாகக் குறுக்குவழி பார்க்கும் ஆட்டக்காரர் ஓர் அடித் தண்டனையோடு பழைய இடத்திலிருந்தே மறுபடி ஆட வேண்டும். செலவு ஒரு வரிசை வெள்ளைக் கழிகள்தான். தெரியாமல் பிசகும் அடியை இது தடுக்காது. பேராசை அடியைத் தடுக்கும்.

கிங்ஸ்டனிலும் கடைசியில் நடந்தது இப்படிப் பாதையைத் திருத்தியதுதான். பதினைந்தாம் குழியின் அமைப்பை மாற்றிய பிறகு பந்து வருவது நின்றுவிட்டதாக அந்தக் குடும்பத்தின் தரப்பு சொன்னது. நான்கு ஆண்டு வழக்குக்கும் உடைந்த கண்ணாடிகளுக்கும் முன்பே செய்திருக்கக் கூடிய வேலை அது என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

வலையே வேண்டியிருக்கும் இடத்தில், அனுமதி ஆணையில் உயரத்தோடு இன்னும் சிலவற்றையும் உள்ளாட்சி எழுதி வைக்க வேண்டும். வெயிலில் நைந்த நூலை யார், எப்போது மாற்றுவார்கள். காற்று எந்த வேகத்தைத் தொடும்போது வலை இறங்க வேண்டும். கம்பம் சாய்ந்தால் அதன் நீளம் யார் வீட்டு வாசல் வரை எட்டும்.