ஸ்டார் வார்ஸ்: கேலக்ஸிஸ் எட்ஜ் – ஒரு மதிப்பீடு

ஸ்டார் வார்ஸ்: கேலக்ஸிஸ் எட்ஜ், வால்ட் டிஸ்னி நிறுவனம் அமெரிக்காவில் அமைத்த அறிவியல் புனைவுத் தீம் பார்க் பகுதி. கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரிலுள்ள டிஸ்னிலேண்டில் மே 31, 2019 அன்றும், ஃபுளோரிடாவிலுள்ள டிஸ்னி ஹாலிவுட் ஸ்டூடியோஸில் ஆகஸ்ட் 29, 2019 அன்றும் திறக்கப்பட்டது. இரண்டும் ஏறத்தாழ ஒரே வடிவம் கொண்டவை. ஒவ்வொன்றும் 14 ஏக்கர் பரப்புள்ளது. சவாரிகளில் ஏறி இறங்கும் இடமாக அல்லாமல், கதைக்குள் சென்று வாழ்ந்து வரும் இடமாக இது முன்வைக்கப்பட்டது. சிறுவயது முதல் ஸ்டார் வார்ஸ் படங்களோடு வளர்ந்த ரசிகருக்கு அந்த வாக்குறுதி எந்த அளவுக்கு நிறைவேறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்னணி

ஜார்ஜ் லூகாஸ் இயக்கிய முதல் ஸ்டார் வார்ஸ் படம் மே 1977-ல் வெளிவந்தது. அதன் தொடர்ச்சிகள் 1980, 1983 ஆண்டுகளில் வந்தன. அப்படங்களைச் சிறுவயதில் திரையரங்கில் பார்த்த தலைமுறை, பொம்மைகள், நாவல்கள், காமிக்ஸ் வழியாக அந்த உலகைத் தன் கற்பனையில் வளர்த்துக்கொண்டது. 1987-ல் டிஸ்னிலேண்டில் ஸ்டார் டூர்ஸ் என்னும் சவாரி தொடங்கப்பட்டது. அதில் பார்வையாளர் ஆடும் அறைக்குள் அமர்ந்து திரையில் விண்பயணத்தைக் கண்டார். அவர் அங்கே பயணி மட்டுமே.

டிஸ்னி 2012-ல் லூகாஸ் ஃபிலிம் நிறுவனத்தை ஏறத்தாழ 400 கோடி டாலருக்கு வாங்கியது. ஆகஸ்ட் 2015-ல் டிஸ்னியின் தலைவர் பாப் ஐகர் புதிய பகுதியை அறிவித்தார். அதற்கு முன்மாதிரி ஏற்கனவே இருந்தது. 2010-ல் யுனிவர்சல் நிறுவனம் ஆர்லாண்டோவில் ஹாரி பாட்டர் பகுதியைத் திறந்திருந்தது. அங்கு சென்றவர்கள் தாங்கள் படித்த ஹாக்ஸ்மீட் தெருவில் நடந்தனர், ஹாக்வார்ட்ஸ் கோட்டையைக் கண்டனர், மந்திரக்கோல் வாங்கினர்.

டிஸ்னி வேறு வழியைத் தேர்ந்தது. படங்களில் வந்த எந்தக் கிரகத்தையும் அது கட்டவில்லை. பட்டூ என்னும் புதிய கிரகத்தையும், அதில் பிளாக் ஸ்பையர் அவுட்போஸ்ட் என்னும் துறைமுக ஊரையும் உருவாக்கியது. ஸ்காட் டிரோபிரிட்ஜ் தலைமையிலான வடிவமைப்புக் குழு இதற்குச் சொன்ன காரணம் சிந்திக்கத்தக்கது. தெரிந்த இடத்துக்குப் போனால் அங்கு நடந்த கதையும் தெரியும், அக்கதையில் தான் இல்லை என்பதும் தெரியும். புதிய இடம் என்றால் அங்கு நடப்பது பார்வையாளரின் சொந்தக் கதையாகும். இப்பகுதியின் சிறப்பும் சிக்கலும் இந்த முடிவிலிருந்தே தொடங்குகின்றன.

நிலமும் கருவும்

தமிழ்க் கவிதையியல் அகப்பாடலின் உலகை மூன்றாகப் பகுத்துக் காண்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தின் உணவு, விலங்கு, தொழில், இசை முதலியவை கருப்பொருள். அங்குள்ள மாந்தரின் உணர்வும் ஒழுக்கமும் உரிப்பொருள். முதலும் கருவும் உரியைத் தாங்குவதற்காக அமைபவை. கேலக்ஸிஸ் எட்ஜின் வெற்றியையும் குறையையும் பிரித்தறிய இப்பகுப்பு பொருத்தமான கருவி.

நிலமும் கருவும் இங்கே அபாரமாக அமைந்துள்ளன. வடிவமைப்பாளர்கள் மொராக்கோ, இஸ்தான்புல் ஆகிய இடங்களின் சந்தைகளைப் பார்த்துவந்து தெருக்களை அமைத்தனர். சுவர்களில் பழைய துப்பாக்கிச் சண்டையின் தழும்புகள் உள்ளன. தரையில் இயந்திர மனிதர்கள் உருண்டு சென்ற சக்கரத் தடங்கள் பதிந்துள்ளன. பெயர்ப்பலகைகள் ஆரபெஷ் என்னும் கற்பனை எழுத்தில் எழுதப்பட்டுள்ளன. 1977 படத்தில் லூக் ஸ்கைவாக்கரின் வீட்டு உணவு மேசையில் இருந்த நீலப் பால் இங்கே விற்கப்படுகிறது. தேங்காய்ப்பாலும் அரிசிப்பாலும் கொண்டு செய்யப்பட்ட குளிர்பானம் அது.

ஓகாஸ் கேன்டீனா என்னும் மதுக்கூடத்தில் இசை ஒலிபரப்பும் இயந்திரம், பழைய ஸ்டார் டூர்ஸ் சவாரியில் விமானியாக இருந்த அதே ரெக்ஸ். வேலை மாறி இங்கே வந்துவிட்டது என்பது கதை. 1987-ல் அந்தச் சவாரியில் ஏறியவருக்கு இது பழைய நண்பரைச் சந்திப்பதைப் போன்றது. குளிர்பானங்கள் உருண்டை வடிவப் புட்டிகளில் வந்தன. படங்களில் வரும் வெடிகுண்டை அவை அவ்வளவு ஒத்திருந்ததால் அமெரிக்க விமானப் பாதுகாப்புத் துறை 2019-ல் அவற்றைப் பயணிகள் கொண்டுசெல்லத் தடை விதித்துப் பின்னர் விலக்கிக்கொண்டது. கற்பனைப் பொருள் ஒன்று நிஜ உலகக் காவலர்களைக் குழப்பும் அளவுக்கு வேலைப்பாடு நுட்பமானது.

பொழுதின் சிக்கல்

முதற்பொருளில் நிலம் பாதி, பொழுது பாதி. டிஸ்னி இங்கே தவறியது பொழுதில். கேலக்ஸிஸ் எட்ஜின் கதைக்காலம் 2017-ல் வந்த 'தி லாஸ்ட் ஜெடாய்' படத்துக்கும் 2019-ல் வந்த 'தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்' படத்துக்கும் இடைப்பட்டதாக நிறுத்தப்பட்டது. அக்காலத்தில் டார்த் வேடர் இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஹான் சோலோ 2015 படத்தில் கொல்லப்பட்டார். லூக் 2017 படத்தில் மறைந்தார். ஆகவே 1977 முதல் காத்திருந்த ரசிகர் ஒருவழியாக அந்த விண்வெளிக்குள் நுழைந்தபோது, அவர் பார்க்க விரும்பியவர்களில் பலர் போய்விட்டிருந்தனர்.

ஜான் வில்லியம்ஸின் புகழ்பெற்ற படஇசையும் தெருக்களில் ஒலிக்கவில்லை. நிஜ ஊரில் பின்னணி இசை இருக்காது என்பது வடிவமைப்பின் தர்க்கம். அவர் இப்பகுதிக்கென்று எழுதிய புதிய இசைத்தொகுப்பு 2020-ல் கிராமி விருது பெற்றது. ஆனால் ரசிகரின் நினைவில் இருப்பது பழைய இசை. தர்க்கப்படி ஒவ்வொரு முடிவும் சரியானது. எல்லாம் சேர்ந்தபோது ஸ்டார் வார்ஸ் எனப் பெயரிடப்பட்ட, ஆனால் ரசிகரின் நினைவுகளுக்குப் பிடிமானம் தராத ஓர் ஊர் உருவானது.

உரிப்பொருள்

முதல் படத்தில் லூக் பாலைவனக் கிரகத்தில் நின்று இரு சூரியன்கள் மறைவதைப் பார்க்கும் காட்சி ரசிகர்கள் பெரிதும் போற்றுவது. அங்கே நிலம் பாலை. உணர்வு, இருக்கும் இடத்தைப் பிரிந்து செல்லும் ஏக்கம். திரையரங்கில் இருந்த சிறுவனும் சிறுமியும் தம்முடையதாக எடுத்துக்கொண்டது அந்த ஏக்கத்தையே. அவர்கள் விரும்பியது வேறொரு கிரகத்தை மட்டுமல்ல. யாரோ வந்து 'நீ தேவைப்படுகிறாய்' என்று அழைப்பதை.

பட்டூவுக்கு மூன்று சூரியன்கள் என்பது கதை. ஊழியர்கள் பகலில் அச்சூரியன்களைச் சொல்லியே முகமன் கூறுகின்றனர். ஆனால் அங்கிருந்து எங்கும் புறப்பட வேண்டியதில்லை. வந்து சேர்ந்தபின் செய்ய வேண்டியது என்ன என்னும் கேள்விக்குத் தெருக்களில் விடை இல்லை.

விடை உள்ள இடம், ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ் என்னும் சவாரி. இது ஃபுளோரிடாவில் டிசம்பர் 2019-லும், கலிஃபோர்னியாவில் ஜனவரி 2020-லும் தொடங்கியது. ஏறத்தாழ 18 நிமிடம் நீளும் இச்சவாரியில் பார்வையாளர் எதிர்ப்புப் படையின் புதிய வீரராக அழைக்கப்படுகிறார். அவர் ஏறிய சிறுகப்பல் எதிரியிடம் சிக்குகிறது. கதவு திறக்கும்போது மாபெரும் போர்க்கப்பலின் தளமும், அணிவகுத்து நிற்கும் 50 வெள்ளைக் கவச வீரர்களும் தெரிகின்றனர். பின்னர் சிறையறை, அதன் சுவரை அறுத்துக்கொண்டு நடக்கும் மீட்பு, தண்டவாளமற்ற வண்டியில் தப்புதல். இங்கே வேலைப்பாட்டைக் காட்டிலும் முக்கியமானது, பார்வையாளரிடம் ஒன்று எதிர்பார்க்கப்படுகிறது என்பது. அவர் அஞ்சவும் நம்பவும் ஒரு காரணம் கிடைக்கிறது. முதலும் கருவும் உரியோடு சேரும் இடம் இது.

திறப்பு நாளிலிருந்தே இருக்கும் ஸ்மக்லர்ஸ் ரன் சவாரி அந்த அளவுக்கு வெற்றி பெறவில்லை. மில்லேனியம் ஃபால்கன் கப்பலின் ஓட்டுநர் அறையில் ஆறு பேர் அமர்கின்றனர். இருவர் ஓட்டுநர், இருவர் சுடுநர், இருவர் பொறியாளர். ஒளிவேகத்துக்கான நெம்புகோலை இழுக்கும் வாய்ப்பு வலப்பக்க ஓட்டுநர் ஒருவருக்கே. பொறியாளர்கள் முன்னால் விரியும் விண்வெளியை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் ஒளிரும் பொத்தான்களை அழுத்தவேண்டும். கப்பலைச் சேதப்படுத்தினால் அச்செய்தி ஊருக்குள் பரவும், மதுக்கூடத்தில் இருப்பவர்கூட அதைக் கேட்பார் என்று முன் அறிவிப்புகளில் சொல்லப்பட்டது. நடைமுறையில் அது பெரும்பாலும் கைபேசிச் செயலியின் கணக்காகவே சுருங்கியது.

ஃபால்கனின் முன்

இப்பகுதியில் ரசிகர்கள் அதிக நேரம் நிற்பது எந்தச் சவாரியிலும் அல்ல. வெட்டவெளியில் முழு அளவில், நூறு அடிக்கு மேல் நீளத்தில் நிறுத்தப்பட்டிருக்கும் ஃபால்கனின் முன்புதான். அங்கே எதுவும் விற்கப்படுவதில்லை, யாரும் வசனம் பேசுவதில்லை. மே 29, 2019 அன்று நடந்த தொடக்க விழாவில் ஹான் சோலோவாக நடித்த ஹாரிசன் ஃபோர்டு, ஒரு மாதம் முன்பு மறைந்த பீட்டர் மேஹியூவை நினைவுகூர்ந்து கப்பலைத் தட்டினார். மேஹியூ, சோலோவின் தோழன் சூபாக்காவாக நடித்தவர். கப்பல் விளக்கெரிந்து உயிர்பெற்றது. ஒரு முதிய நடிகர் மறைந்த நண்பருக்காகச் செய்த செயல் அந்தப் புதிய நகரத்துக்கு ஒரு கடந்தகாலத்தைக் கொடுத்தது.

புதிய கிரகம் என்னும் முடிவுக்கு ஃபால்கனே மறுப்பு. வடிவமைப்பாளர்கள் ரசிகரின் நினைவை விலக்கிவைத்து அவருக்குப் புதிய கதை தர விரும்பினர். ரசிகரோ தன் நினைவு தொட்ட ஒரே பொருளின் முன் போய் நின்றார்.

ரசிகரின் வேடம்

பார்வையாளர் தன் கதையை வாழலாம் என்று அழைக்கும் இடத்தில் அவருக்குக் கிடைக்கும் வேடம் பெரும்பாலும் வாடிக்கையாளருடையது. கடைகளில் ஜெடாய் அங்கி விற்கப்படுகிறது. ஆனால் 14 வயதுக்கு மேற்பட்டோர் பூங்காவில் வேடமணியக் கூடாது என்பது டிஸ்னியின் பொது விதி. அங்கியை வாங்கலாம், அங்கேயே அணிய முடியாது. பாதுகாப்புக்கான விதி என்றாலும், ஐம்பது வயது ரசிகருக்கு அது சொல்லும் செய்தி தெளிவானது.

வணிகத்தை மட்டும் குறையாகச் சொல்வது பொருந்தாது. ஸ்டார் வார்ஸ் தொடக்கத்திலிருந்தே பொம்மைகளோடு வளர்ந்த கதை. துறைமுக ஊரில் சந்தை இருப்பதும் இயல்பு. சாவிஸ் வொர்க்ஷாப் என்னும் பட்டறையில் லைட்சேபர் என்னும் ஒளிவாளைப் பார்வையாளர் தன் கையால் பொருத்துகிறார். 2019-ல் அதன் விலை ஏறத்தாழ 200 டாலர், பின்னர் உயர்ந்தது. ஒரு சுற்றில் 14 பேர் மேசையைச் சூழ்ந்து நிற்க, படிகத்தின் நிறத்தை ஒவ்வொருவரும் தேர்ந்தெடுக்கின்றனர். யோடாவின் குரல் ஒலிக்கிறது. வாள்கள் ஒன்றாக ஒளிர்கின்றன. பெரியவர்கள் கண்கலங்கும் இடம் இது. பணம் கொடுத்து வாங்கியது என்பதால் அந்த உணர்வு பொய்யாகிவிடாது. தேர்வு ஒன்று கேட்கப்படுகிறது, அதன் விளைவு கையில் வருகிறது. குறை என்னவென்றால், அத்தகைய தருணம் விலை கொடுத்தவருக்கு மட்டுமே உண்டு என்பது.

இக்குறை உச்சம் பெற்றது ஃபுளோரிடாவில் மார்ச் 2022-ல் தொடங்கப்பட்ட கேலக்டிக் ஸ்டார்குரூஸர் விடுதியில். 100 அறைகள் கொண்ட அவ்விடுதி விண்கப்பலாக வடிவமைக்கப்பட்டது. இரண்டு இரவு முழுக்க நடிகர்களோடு கலந்து கதையை நடத்தலாம். ரசிகர் கேட்ட பங்கேற்பு அங்கே உண்மையிலேயே இருந்தது. ஆனால் இருவருக்கான கட்டணம் ஏறத்தாழ 4,800 டாலரிலிருந்து தொடங்கியது. செப்டம்பர் 2023-ல் அது மூடப்பட்டது. தெருவில் இல்லாத உரிப்பொருளைத் தனியே பூட்டிய அறையில் வைத்து, பெரும்பாலான ரசிகர்களால் கொடுக்க முடியாத விலையில் விற்றதன் விளைவு அது.

மாற்றமும் மதிப்பீடும்

டிஸ்னி 2025-ல் ஒரு மாற்றத்தை அறிவித்தது. ஏப்ரல் 2026 முதல் கலிஃபோர்னியாப் பகுதியின் பெரும்பகுதி முதல் மூன்று படங்களின் காலத்துக்குக் கொண்டுசெல்லப்படும். லூக், லேயா, ஹான், வேடர் ஆகியோர் தெருக்களில் தோன்றுவர். ஜான் வில்லியம்ஸின் படஇசையும் ஒலிக்கும். நிலத்தை மாற்றாமல் பொழுதை மட்டும் மாற்றும் இம்முடிவு, முதல் திட்டத்தின் பிழை எங்கிருந்தது என்பதை டிஸ்னியே ஏற்றுக்கொண்டதற்கு ஒப்பானது.

ஆனால் பொழுது மாறுவதால் மட்டும் உரிப்பொருள் வந்துவிடாது. தெரிந்த முகங்களோடு புகைப்படம் எடுத்துக்கொள்வது மகிழ்ச்சி தரும், ரசிகருக்குக் கதையில் ஓர் இடத்தைத் தராது. ஓர் உலகம் எவ்வளவு துல்லியமாகக் கட்டப்பட்டுள்ளது என்பதை விட, அது உள்ளே வருபவரிடம் என்ன கேட்கிறது என்பதே இத்தகைய படைப்புகளுக்கான அளவுகோல். அந்த அளவுகோலில் கேலக்ஸிஸ் எட்ஜ், தன் காலத்தின் மிகச்சிறந்த கட்டுமானங்களில் ஒன்று. கதையாக அது முழுமை பெறுவது ஒரு சவாரியிலும், ஒரு பட்டறையிலும், நிறுத்தி வைக்கப்பட்ட ஒரு கப்பலின் முன்பும் மட்டுமே. மற்ற இடங்களை ரசிகர் தன் சிறுவயதிலிருந்து கொண்டுவந்ததைக் கொண்டே நிரப்பிக்கொள்கிறார்.