கையகலத் தராசு

சீர்காழிப் பக்கம் நெல்லை மரக்காலாலும் கலத்தாலும் அளந்தே பழகியவர்கள் நாம். துல்லிய எடை என்பது ஆசாரிக்கும் நாட்டு மருந்துக் கடைக்கும் உரிய சமாச்சாரம். ஆசாரியின் தராசு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது பவிசுக்காக அல்ல. காற்றடித்தால் குன்றிமணி எடை தப்பிவிடும்.

இப்போது அந்த வேலையைக் கையகல டிஜிட்டல் தராசே செய்கிறது. 200 கிராம் தாங்கி 0.01 கிராம் வரை காட்டுவது குங்குமப்பூவுக்கும் சூரணத்துக்கும் தாராளம். 5 கிலோ சமையலறைத் தராசில் 2 கிராம் நிறுக்கப் பார்ப்பது வீண் வேலை. வாங்கியதும் புதுப் பத்து ரூபாய் நாணயம் ஒன்றை வைத்துப் பாருங்கள்: 7.7 கிராமை ஒட்டிக் காட்ட வேண்டும். தேய்ந்த காசு வேண்டாம்.

எனக்குப் பிடித்தது அதன் ரோஷம்தான். மின்விசிறி சுழன்றால் எண் நிலைகொள்ளாது. பொடியைத் துளித்துளியாகத் தூவினாலோ, சில தராசுகள் பூச்சியத்திலேயே பிடிவாதமாக நிற்கும். அத்தனை சிறிய மாற்றத்தைத் தடுமாற்றம் என்று நினைத்துத் தானே கழித்துவிடும். கிண்ணத்தை நிறுத்துப் பூச்சியமாக்கி, வெளியே எடுத்துப் பொடியைப் போட்டு, மறுபடி வைத்தால் சரியாகச் சொல்லும்.